செருப்புக்குக் காவல்

தலவாக்கலை

அன்பின் மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, கோபப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். நம்ம கண்ணாடி வாத்தியார் இன்னும் உன்னைத்தான் விசாரிக்கிறார்.

போன ஞாயிறு நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளோடு வேன் பிடித்து, கொழும்புப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். அம்மாவும் வந்தார். அந்தப் பூங்காவின் நோட்டீஸை நீ பார்க்க வேண்டும். முழுக்கத் தண்ணீர்ச் சறுக்கும் பிள்ளைகளும்தான், ஒரு நரைத்த தலை இல்லை. அம்மா போனதுமே நிழல் பார்த்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மடியில் நாலு பேக், காலடியில் ஏழு சோடி செருப்பு. பகல் இரண்டு மணிவரை அப்படியே. நாற்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த மனுசி, அங்கேயும் சுமைக்குக் காவல். எனக்கும் அது உறைக்கவில்லை மச்சான், அதுதான் வேதனை.

சாப்பிட இடம் தேடிப் போனபோதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. குளம், மிதிபடகு, பூந்தோட்டத்தைச் சுற்றி ஓடும் சின்ன ரயில். "பெரியாள் ஏறலாமா தம்பி?" என்று டிக்கட் பையனிடம் அம்மா இரண்டு தரம் கேட்டார். முந்தானையை இடுப்பில் செருகி, கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். இரண்டாவது சுற்றில் ஒரு கையை விட்டு எனக்கு ஆட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இதை ஏன் நோட்டீஸில் போடவில்லை? டிக்கட்டுக்குக் காசு கொடுப்பது பெரியாட்கள்தானே! வோல்ட் டிஸ்னியும் இப்படித்தான் வாங்கில் உட்கார்ந்து கடலை கொறித்தாராம், மகள்மார் ராட்டினம் சுற்ற. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சந்தோஷப்பட ஓரிடம் வேண்டுமென்ற எண்ணம் அங்கேதான் வந்ததென்று அவரே சொல்லியிருக்கிறார். 1955இல் அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் பூங்காவைத் திறந்தார். டென்மார்க்கில் டிவோலி என்று ஒன்று, 1843இல் தொடங்கியது. பூந்தோட்டம், இசை, நாடகம் எல்லாம் உண்டு, பெரியவர்கள் தங்களுக்காகவே போகிறார்கள். அங்கே 1914இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. ஓர் ஆள் கூடவே ஏறிப் பிரேக் பிடிக்கிறார். நம்ம ஊர் ரயில்காரர்களுக்குப் பிடிக்கும்.

அந்தப் பூங்காவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், அடுத்த நோட்டீஸில் ஒரு பாட்டி ரயிலில் போகிற படம் வேண்டும் என்று. பதில் வந்தால் சொல்கிறேன்.

ஏப்ரல் சீசனுக்குக் கட்டாயம் வா, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. நுவரெலியாவில் கிரகரி வாவியில் இரண்டு பேரையும் படகில் ஏற்றுவோம். செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மச்சான்