சிறுநீர்க் கசிவு ஒரு வருடமாகியும் நிற்கவில்லை என்றால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிஎஸ்ஏ பரிசோதனை, பயாப்ஸி, அறுவை சிகிச்சை, ரோபோ என்று எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி: சிலருக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு இருக்கலாம், நாளடைவில் சரியாகிவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆகாதவர்கள் என்ன செய்வது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆகாதவர்களில் நானும் ஒருவன், எனக்குக் கசிவைக் குறைக்க ஸ்லிங் என்ற வலைப் பட்டையை உள்ளே வைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். கசிவை உறிஞ்சக் கட்டுகிற பேடை எடை போடுகிற பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் ஏன் கசிகிறது என்று பார்ப்போம். ஆண்களுக்குச் சிறுநீரை அடக்கிவைக்க இரண்டு இடத்தில் பிடி உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருப்பது நாம் நினைக்காமலேயே தானாக வேலை செய்யும். புராஸ்டேட்டுக்குக் கீழே இருப்பது நாமாக இறுக்கக்கூடிய தசை. புராஸ்டேட்டை முழுதாக எடுக்கும்போது மேலே உள்ள பிடி பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது, மொத்தப் பாரமும் கீழே உள்ள தசையின் தலையில் விழுகிறது. அதற்கும் அறுவையில் கொஞ்சம் அடிபட்டிருந்தால் இருமல், தும்மல், சிரிப்பு, நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குவது என்று எதைச் செய்தாலும் சொட்டும். படுத்திருக்கும்போது அவ்வளவாக இருக்காது. காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் ஆக ஆகத் தசை களைத்துப்போய் கசிவு கூடும். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது கசிகிறது என்பதைச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும்.

ஏனென்றால் இன்னொரு வகைக் கசிவும் உண்டு. திடீரென்று முட்டிக்கொண்டு வரும், கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடும். அது சிறுநீர்ப்பையே கண்ட நேரத்தில் சுருங்குவதால் வருவது, அதற்கு மாத்திரை இருக்கிறது. இருமினால் சொட்டுகிற கசிவுக்கு அந்த மாத்திரை உதவாது, வாய் வறண்டு மலச்சிக்கல் வருவதுதான் மிச்சம். எனக்கு முதலில் பார்த்தவர் அதைத்தான் எழுதிக்கொடுத்தார், நானும் மாதக்கணக்கில் விழுங்கினேன். சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்க யூரோடைனமிக் என்ற பரிசோதனை உண்டு. தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் கசிவு குறையும் என்று பலர் தாங்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும் கூடுவதுதான் அதில் கிடைக்கும் பலன்.

அப்புறம் பயிற்சி. இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சிக்கு கீகல் என்று பெயர் வந்தது, 1948-இல் அதை எழுதி வெளியிட்ட ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவரால். பிரசவமான பெண்களுக்காக அவர் சொன்னது, இன்று புராஸ்டேட் அறுவை செய்துகொண்ட ஆண்களுக்கும் முதல் சிகிச்சை அதுவே. யாரும் அதை விட்டுவிட வேண்டாம், ஆனால் சரியாகச் செய்ய வேண்டும்: மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயிற்றையோ பிட்டத்தையோ இறுக்கக் கூடாது, இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் இருமுவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ள வேண்டும். பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் ரொம்ப நல்லது.

இதற்கும் ஒரு கெடு உண்டு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது தெளிவாகவே இருக்கிறது. பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லை என்றால் ஆறாவது மாதத்திலேயே அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம், ஒரு வருடம் கழித்தும் தொந்தரவு தருகிற அளவுக்குக் கசிந்தால் மருத்துவர்தான் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். நம் ஆட்கள் ஐந்து வருடம், எட்டு வருடம் என்று பேடோடு காலம் தள்ளுகிறார்கள். கேட்டால் 'கேன்சரே போயிருச்சு, இதைப் போய்ப் பெரிசு பண்ணலாமா' என்கிறார்கள். ஏன் பண்ணக் கூடாது? கேன்சர் போனது பிழைத்து நடமாடத்தானே.

இப்போது அந்த எடை விஷயம். மருத்துவர் 'எவ்வளவு கசிகிறது' என்று கேட்டால் எல்லோரும் 'ஒரு நாளைக்கு நாலு பேட்' என்ற மாதிரிதான் சொல்வோம். அதில் ஒன்றும் தெரியாது. இரண்டு சொட்டு விழுந்ததும் மாற்றுகிறவர் இருக்கிறார், தொங்கிப்போகும் வரை போட்டிருக்கிறவரும் இருக்கிறார். இதற்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. கிராம் காட்டுகிற ஒரு டிஜிட்டல் தராசில் உலர்ந்த பேடை வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குக் கழற்றுகிற ஒவ்வொரு பேடையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துபோய்க் கணக்கு தப்பிவிடும். மறுநாள் எல்லாவற்றையும் எடை போட்டு, உலர்ந்த பேடுகளின் எடையையும் கவரின் எடையையும் கழித்தால் மீதி உள்ளது கசிந்த சிறுநீர், ஒரு கிராம் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். வீட்டில் சும்மா படுத்துக்கொண்டு அளக்காதீர்கள், வழக்கமாக நடமாடுகிற ஒரு நாளில் அளந்து பாருங்கள். (சமையலுக்கு வைத்திருக்கிற தராசை எடுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.)

பொதுவாக 200 கிராமுக்குக் கீழே என்றால் லேசான கசிவு, 200 முதல் 400 வரை நடுத்தரம், அதற்கு மேலே போனால் கடுமையானது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஸ்லிங் என்பது லேசான, நடுத்தரக் கசிவுக்கானது. ஒருவருக்கு ஸ்லிங் போதுமா போதாதா என்கிற பேச்சே பெரும்பாலும் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

ஸ்லிங் என்று எதைச் சொல்கிறார்கள்? விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு சிறு கீறல், பாலிப்ரொப்பிலீன் வலையால் ஆன ஒரு பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டையின் நடுப்பகுதியைச் சிறுநீர்த் தாரையின் (சிறுநீர் வெளியேறும் குழாயின்) அடியில் பொருத்தி, இரண்டு முனைகளையும் இடுப்பெலும்பில் இயற்கையாக உள்ள துளைகள் வழியாகத் தொடை இடுக்குக்குக் கொண்டுவந்து இழுக்கிறார்கள். தொட்டில் துணி பிள்ளையைத் தாங்குகிற மாதிரி அது தாரையைத் தாங்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தி வைக்கிறது. ஆஸ்திரியாவில் இன்ஸ்புருக் நகரைச் சேர்ந்த பீட்டர் ரேடரும் கிறிஸ்டியன் கோஸியும் 2007-இல் வெளியிட்ட முறை இது. பட்டை தாரையை நெரிப்பதில்லை, தொய்ந்து கிடந்ததைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகிறது, அப்போது மிச்சம் இருக்கிற தசை ஒழுங்காக மூடிக்கொள்கிறது. அடியிலிருந்து அழுத்துகிற வேறு வகை ஸ்லிங்குகளும், பிற்பாடு சலைன் (உப்புநீர்) ஏற்றி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையும் உண்டு.

இந்த முறைக்கு மிச்சம் இருக்கிற தசை உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகத்தான் முன்கூட்டியே சிஸ்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயைத் தாரைக்குள் விட்டுப் பார்க்கிறார்கள். எனக்குப் பார்த்தபோது மருத்துவர் கேமராவை உள்ளே நிறுத்திவிட்டு, அடியில் விரலால் மேல்நோக்கி மெல்லத் தள்ளியபடி 'இறுக்குங்க' என்றார். திரையில் அந்தச் சிவப்பு வளையம் முழுசாக மூடுவதை நானே பார்த்தேன். 'உங்களுக்கு ஸ்லிங் போதும்' என்று அங்கேயே சொல்லிவிட்டார். அது மூடாமல் வாய் பிளந்தபடி நின்றால் பட்டையை எவ்வளவு இழுத்தாலும் பெரிய பயன் இருக்காது. தாரையில் எங்காவது சுருக்கம் இருந்தால் அதுவும் இதே பரிசோதனையில் தெரிந்துவிடும், அதை முதலில் சரி செய்ய வேண்டும்.

கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு ஸ்லிங் அவ்வளவாகச் சரிவராது. திசு விறைத்துப்போயிருப்பதால் நகராது. அவர்களுக்கும் கடுமையாகக் கசிகிறவர்களுக்கும் செயற்கைச் சுருக்குத்தசை என்ற கருவி இருக்கிறது. பிராண்ட்லி ஸ்காட் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது, இன்று பரவலாக வைக்கப்படும் மாதிரி 1980-களிலிருந்தே இருக்கிறது. தாரையைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விரைப்பைக்குள் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் பட்டையில் உள்ள திரவம் பலூனுக்குப் போய் வழி திறக்கும், சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். பழுதானாலோ தேய்ந்தாலோ மறுபடி அறுவை செய்ய வேண்டிவரும், விரல்களில் வலு வேண்டும், ஞாபகமும் வேண்டும். இதை வைத்திருப்பவருக்கு ஏதாவது அவசரச் சிகிச்சையில் விவரம் தெரியாமல் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற உள்ளே விடுகிற குழாய்) நுழைத்துவிட்டால் தாரை புண்ணாகிவிடும், ஆகவே கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்கட்டும். ஸ்லிங்கில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அழுத்துவதற்கு ஒன்றுமில்லை, எப்போதும் போல் போகலாம். பின்னாளில் ஸ்லிங் பலிக்காமல் போனால் இந்தக் கருவிக்கு மாறவும் வழி இருக்கிறது.

முழுசாக நின்றுவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் 380 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஸ்லிங்கையும் செயற்கைச் சுருக்குத்தசையையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்லிங் வைத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கும் கருவி வைத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கும் இன்னும் கசிவு இருந்தது! படித்தவுடன் தூக்கிவாரிப்போடும். ஆனால் அவர்கள் வைத்த அளவுகோல், எப்போதாவது ஒரு சொட்டு வந்தாலும் கசிவுதான் என்பது. தொந்தரவை 21-க்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தால் 16-க்கு மேல் இருந்தது இரண்டு குழுவிலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கடுமையான பின்விளைவுகள் ஸ்லிங் பக்கம் குறைவு, திருப்தி என்று கேட்டால் கருவி பக்கம் கொஞ்சம் கூடுதல். ஆக, 'சொட்டே வராது, நான் கேரண்டி' என்று எந்த மருத்துவர் சொன்னாலும் இன்னொருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். எனக்கு இப்போது பெரும்பாலும் மெல்லிய பேட் ஒன்று போதும், சளி பிடித்து இருமுகிற நாட்களில் கூடுதலாக வேண்டியிருக்கும். பழைய நிலைமையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை.

அறுவைக்குப் பிறகான நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கதீட்டரைப் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுவார்கள், சிலருக்கு வீக்கத்தால் சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்ளும், கொஞ்ச நாள் மறுபடி கதீட்டர் வைக்க வேண்டியிருக்கும், பயப்பட வேண்டியதில்லை. அடியில் வலியும் மரத்துப்போன உணர்வும் சில வாரம் இருக்கும், உட்காருவதே பாடு. ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, காலை அகட்டி வண்டி ஏறக் கூடாது, முக்கவும் கூடாது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் வாரத்திலேயே கசிவு நின்ற சந்தோஷத்தில் கனத்தைத் தூக்கி, இன்னும் சதை பிடிக்காத பட்டை நழுவிவிடுகிறது. நோய்த்தொற்றும், வலை தாரையை அரிப்பதும் அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியவை.

வலை என்றதும் வாட்ஸ்அப்பில் வருகிற பயமுறுத்தல்கள் நினைவுக்கு வரும். பெண்களுக்குக் கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலைகளால் பலர் மோசமாகப் பாதிக்கப்பட்டது உண்மை. 2018-இல் பிரிட்டன், பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் வலையையும் சேர்த்து நிறுத்திவைத்தது, 2019-இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இறக்கத்துக்கான அந்த வகை வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆண்களின் ஸ்லிங் அந்த உத்தரவுகளில் வரவில்லை, வைக்கிற இடமும் வேறு. அதற்காக அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். உள்ளே போன வலையை வெளியே எடுப்பது லேசான வேலை இல்லை. எனவே எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள், சரிவராமல் போனால் அடுத்து என்ன என்று மருத்துவரை நேராகக் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் செய்துகொள்ளாமல் இருப்பதே மேல்.

கடைசியாக ஒன்று, இது மருத்துவர்களுக்கானது இல்லை. பேட் கட்டுகிற ஆண் வெளியே போனால், நனைந்ததைக் கழற்றிப் போட ஆண்கள் கழிப்பறை அறைக்குள் ஒரு குப்பைக்கூடை கிடையாது. மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு வரை வருகிறோம், பக்கத்தில் இருப்பவருக்கு வாடை அடிக்குமோ என்று பேருந்தில் நின்றுகொண்டே. அலுவலகம், மண்டபம், நிலையம் எதை நடத்துகிறவர்கள் இதைப் படித்தாலும் சரி, ஆண்கள் கழிப்பறையில் ஒவ்வொரு அறைக்குள்ளும் மூடி போட்ட ஒரு கூடை வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்
(பெயரை வெளியிட வேண்டாம்)