கெடு முடிந்தும் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் பரோல் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் ஸ்ரீராமபுரத்தில் பரோலும் புரொபேஷனும் ஒன்றுதான், "வெளியே வந்துட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பரோலில் வந்தவன் நாள் முடிந்ததும் பரப்பன அக்ரஹாராவுக்குத் திரும்பியாக வேண்டும். முன்கூட்டி விடுதலை கேட்டால் பரோல் நாட்களைக் கழித்துத்தான் சிறையில் இருந்த கணக்கைப் பார்க்க வேண்டும் என்று கோவா கைதிகள் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

என் அக்கா மகன் கதை வேறு, அவனுக்குக் கிடைத்தது புரொபேஷன். கைகலப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகியும், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி தண்டனை சொல்லாமல், ஒழுங்காக இருப்பேன் என்று 2 வருடத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள் (3 வருடம் வரை போடலாம்). கூடவே நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பு, மாதம் ஒரு கையெழுத்து. அக்கா அந்தப் பத்திர நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். ஒரு மாதம் காய்ச்சலில் போக முடியாதபோது, ஜெயில்தான் என்று வீடே அழுதது. நிபந்தனையை முதல் தடவை மீறினால் 50 ரூபாய்க்குள் அபராதத்தோடு விட்டுவிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று அன்றைக்கு யார் சொன்னார்கள்!

சரி, கெடு எப்போது முடிந்தது? அவனுக்கே தெரியாது. நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகலைப் பிரித்து, தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, பையன் ஐந்து கையெழுத்து கூடுதலாகப் போட்டிருக்கிறான், நோட்டை நீட்டியவர் யாரும் "போதும்பா" என்று சொல்லவில்லை. ஒழுங்காக இருப்பவனுக்குக் கெடுவுக்கு முன்பே பிணையை முடித்துவைக்க அலுவலர் கோர்ட்டில் மனுப் போடலாம் என்று 8ஆம் பிரிவில் இருக்கிறதாம். நடந்து முடிந்த கெடுவையே சொல்லாதவர்கள் அதை எங்கே எழுதப் போகிறார்கள்?

முடிந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று அக்கா நினைத்தாள், அதுவும் இல்லை. குற்றவாளி என்ற தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு மட்டும்தான் 12ஆம் பிரிவில் நீங்கும், தீர்ப்பு அப்படியே நிற்கும். வேலை விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்திரம் வாங்கும்போதே முடியும் தேதியைப் பெரிதாக எழுதி, அன்றைக்கு ஒரு சீட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்து தடவையும் அரை நாள் கூலி போச்சு சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெங்களூரு