பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீர்செய்தால் போட்ட பணம் திரும்புமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 மே மாதம், 1955ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதன் பிறகு, பழைய காரை வாங்கிச் சீர்செய்து விற்றால் நிலத்தைவிட லாபம் என்ற பேச்சு டெல்டா பக்கமும் பலமாகக் கேட்கிறது. அந்த கூபே மாதிரியில் உலகத்தில் செய்யப்பட்டவை மொத்தமே இரண்டு. செய்த கம்பெனியே தன்னிடம் வைத்துப் பராமரித்த வண்டி அது. மாட்டுக்கொட்டகையில் முப்பது வருஷம் கிடந்த காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நம்பி நகையை அடகு வைத்து வண்டி வாங்குகிறவர்கள் இருப்பதால், பழைய கார் வேலையில் இருக்கும் எங்கள் கணக்கைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் என்று கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். அதைக் குடும்பக் கார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் கார், ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கிச் செய்தது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிக்கெலாட்டி. அதனால் ஸ்பிட்ஃபயருக்காக இன்றும் அங்கே தயாராகும் முன்பக்க ஸ்பேர்கள் பலவும் சென்னையில் செய்த ஹெரால்டுக்குப் பொருந்துகின்றன. ஹெரால்டை வாங்குவதில் உள்ள ஒரே நிஜமான அனுகூலம் இது.

இனி செலவு. 'இன்ஜின் ஓடுகிறது, மேல் வேலைதான் பாக்கி' என்று சொல்லி விற்கப்படும் வண்டிதான் அதிகப் பணத்தை விழுங்கும். இன்ஜின் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. பத்து, இருபது, முப்பது தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சிலிண்டருக்கு போரிங் போட்டு, பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கை கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் மாட்டினால் முடிந்தது. பம்ப்செட்டிலும் டிராக்டரிலும் கை பழகிய லேத்காரர்கள் டெல்டாவில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஹெரால்டில் தனியாகப் பார்க்க வேண்டியது, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னே நகர்ந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்த பிறகும் ஓட்டியிருந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்தே போயிருக்கும்.

பணம் போவது தகரத்தில். ஹெரால்டின் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸின் நடுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அவை இறங்கிவிட்டால் கதவு இடைவெளி கோணும், முன்னால் முழுதாகக் கவிழ்ந்து திறக்கும் பானெட் எந்தப் பக்கமும் சேராது. பல இடங்களில் செய்யும் தவறு, பாடியை முதலில் அழகாக்கிவிட்டு சேசிஸைப் பிறகு பார்ப்பது. சேசிஸைச் சமதளத்தில் வைத்து மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து, கைகளை மாற்றி, பாடியை வெறும் தகரமாகவே மேலே ஏற்றி, எல்லாக் கதவு இடைவெளியும் சரியானபின்தான் பெயிண்டுக்குப் போக வேண்டும். இந்த ஒரு வேலைக்கே மூன்று நான்கு மாதம் ஆகும். அவசரப்பட்டால் இடைவெளியைப் பட்டியால், அதாவது பெயிண்டுக்கு அடியில் பூசும் பசையால், நிரப்புவார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏறிய பட்டி ஒரு அடைமழைக்கு மேல் நிற்காது. வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணி சுற்றிய சிறிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, பட்டி.

நம் ஊர் நிலவரம் இந்தச் செலவை இன்னும் ஏற்றுகிறது. நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றால் துரு உள்ளிருந்து வெளியே வரும். மேலே பார்த்தால் ஒரு கொப்புளம், குத்தினால் ஓட்டை. வைக்கோல் கொட்டகையில் நின்ற வண்டியில் எலி ஒயரிங்கைக் கடித்திருக்கும், சீட்டுக்குள் கூடு கட்டியிருக்கும். எலி மூத்திரம் பட்ட தரைத்தகடு சல்லடையாக இருக்கும். பலருக்குத் தெரியாதது மாட்டுக்கொட்டகைச் சேதம். கோமியத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா பித்தளையை வெடிக்க வைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைநாளில் குதிரை லாயத்தில் அடுக்கிய பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே வெடிப்பு விட்டதும் இதனால்தான். அப்படி நின்ற வண்டியில் ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டியில் மயிரிழைக் கீறல் விழுந்திருக்கும். ஈயம் பற்ற வைத்தாலும் அடுத்த இடத்தில் விடும். புதிதாகத்தான் போட வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளின் பிளாக்குக்குள் உப்புக்கட்டி அடைத்திருப்பது தனி வேலை.

இங்கிலாந்தின் எம்.ஜி. கம்பெனி செய்த டி.சி., டி.டி. போன்ற 1940, 50களின் திறந்த கார் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்பார்கள். அவற்றின் தகரத்துக்கு உள்ளே இருப்பது ஆஷ் மரச்சட்டம். டெல்டா ஈரத்தில் அது உளுத்துப்போகும், மிச்சத்தைக் கரையான் தின்றுவிடும். நல்ல தேக்கில் புதுச்சட்டம் இழைக்கும் ஆசாரிகள் நம்மிடம் உண்டு. ஆனால் பழைய சட்டம் ஒவ்வொன்றும் மாதிரிக்காகவாவது இருந்தால்தான் அளவு எடுக்க முடியும். இன்னொரு சிக்கல் போல்ட். அந்த 1250 சி.சி. இன்ஜினின் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல ஸ்பேனர் அளவு. விவரம் தெரியாமல் விட்வொர்த் போல்ட்டை ஏற்றி பிளாக்கின் மரையை அழித்துவிட்டால், ஒவ்வொன்றையும் துளைத்து உள்மரை போட்டுத்தான் மீட்க வேண்டும்.

சுவாமிமலையும் நாச்சியார்கோவிலும் பக்கத்தில் இருப்பது நமக்கு ஒரு வரம். உடைந்த கதவுப்பிடி, பெயர்ச்சின்னம், விளக்கு வளையம் ஆகியவற்றை மெழுகில் மாதிரி எடுத்துப் பித்தளையில் வார்த்துக் கடைந்து தருபவர்கள் வேறு எங்கே இவ்வளவு பேர் இருக்கிறார்கள்? பழைய துத்தநாக வார்ப்புகளில் குழி விழுந்தபின் குரோம் ஏறாது, அமிலத் தொட்டியிலேயே கரையும். பித்தளையில் வார்த்துச் செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று பூச்சும் முறையாகக் கொடுத்தால் நிற்கும். செம்பும் கெட்டியான நிக்கலும் இல்லாமல் மேலோட்டமாகக் குரோம் மட்டும் காட்டித் தருகிற வேலை, கடற்கரைப் பக்கம் ஒரு வருஷத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும்.

ஆனால் ஹெரால்டின் முன் டிரன்னியனை மட்டும் தயவுசெய்து வார்ப்புப் பட்டறையில் செய்யாதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத்தண்டின் அடிமுனை இந்த வெண்கலத் துண்டுக்குள் மரையில் திரும்புகிறது. சிலைக்கு ஏற்ற கலவை இந்தப் பாரத்துக்கு ஏற்றதல்ல. இதற்குக் கிரீஸ் அடிப்பதும் தப்பு. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறையாவது. கிரீஸ் காய்ந்து வழியை அடைத்தால், தண்ணீர் புகுந்து மரைமுனை துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். உயிர் சம்பந்தப்பட்ட ஸ்பேர் இது. இதையும் பிரேக் சிலிண்டர் கிட்டையும் புதிதாகத் தருவித்தே போடுங்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். எங்கள் பக்கத்து இன்றைய கூலியில் ஓரளவு முழுமையாக இருக்கும் ஹெரால்டுக்குத் தோராயக் கணக்கு இது. வண்டி விலை 1 லட்சம், டிங்கரிங்கும் பெயிண்டும் 2.75 லட்சம், இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் 1 லட்சம், சஸ்பென்ஷனும் பிரேக்கும் 60 ஆயிரம், குரோம் 50 ஆயிரம், சீட்டும் மேல்துணியும் 50 ஆயிரம், ஒயரிங், ஐந்து டயர், கண்ணாடி ரப்பர்கள் தலா 25 ஆயிரம். மொத்தம் 7.1 லட்சம். பிரித்தபின் தெரியவரும் வேலைகளை இதில் சேர்க்கவில்லை. வேலை முடிய இரண்டு மூன்று வருஷம். 7 லட்சத்தை 7 சதவீத வைப்பில் மூன்று வருஷம் விட்டால் சுமார் 8.58 லட்சம். சீர்செய்த ஹெரால்டை இந்த விலைக்குக் கேட்டு வருபவர் அபூர்வம். பத்மினிக்கும் அம்பாசடருக்கும் இடைவெளி இன்னும் பெரிது. இரண்டும் பல்லாயிரக்கணக்கில் ஓடியவை, தேடி அலைய வேண்டிய அவசியமே வாங்குபவருக்கு இல்லை. ஸ்பேர் மலிந்த இங்கிலாந்திலேயே இந்தக் கணக்கு உதைக்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு பாடியே புதிதாக வாங்கலாம். அப்படியும் முழுமையாகச் சீர்செய்த செலவு விற்கும்போது திரும்புவது அங்கே அரிது. லாபம் பார்ப்பவர், இன்னொருவர் செலவழித்துச் சீர்செய்து அலுத்துப்போய் விற்கும் வண்டியை வாங்குபவர்தான்.

'ஜானவாசத்துக்குத் திறந்த கார் வாடகைக்கு விட்டே எடுத்துவிடலாம், ஷூட்டிங்குக்குக் கேட்பார்கள்' என்பது அடுத்த வாதம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கு வி.ஏ. எழுத்துடன் தனிப் பதிவு உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்தப் பதிவில் அன்றாட ஓட்டமும் கூடாது, வணிக ஓட்டமும் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று எடுத்துப் போகலாம். பழைய பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்திருந்தாலும், வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட உரிமை இல்லை. கல்யாண வாடகையை வரவில் எழுதிய கணக்கு எதுவாக இருந்தாலும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இதே விதி இன்னொன்றையும் தீர்மானித்துவிட்டது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் டெல்டாவில் எத்தனையோ பெட்ரோல் கார்களுக்கு டீசல் இன்ஜின் மாட்டினார்கள். அப்போது அது புத்திசாலித்தனம். இப்போது அசல் இன்ஜின் இல்லாத கார், சேகரிப்பவர் கண்ணில் பாதி கார். பழைய இன்ஜின் பிளாக் கொல்லையில் கிடந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது வண்டியின் விலையையே மாற்றும்.

எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர் வண்டிகளில் ஆர்.சி.யில் பெயர் தாத்தாவுடையதாக இருக்கும். பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ், படிவம் 31, மற்ற வாரிசுகளின் சம்மதம், சேசிஸ் நம்பரின் பென்சில் பிரதி வேண்டும். பழைய பதிவேட்டு விவரம் கணினியில் ஏறியிருக்காவிட்டால் அதை ஏற்றவும் மனுப் போட வேண்டும். இதெல்லாம் முடியும் முன் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாதீர்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் தகட்டைத் துரு என்று வெட்டிப் போட்டுவிட்டுப் பிறகு தேடும் குடும்பங்கள் உண்டு. காகிதம் இல்லாத கார், எவ்வளவு பளபளத்தாலும், உதிரிபாக விலைக்குத்தான் போகும்.

ஆக, லாபத்துக்காக இதில் இறங்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். வண்டி மேல் பிரியம் இருந்து, அந்தப் பணம் போனாலும் வீடு தாங்கும் என்றால் இறங்குங்கள், மனதார வேலை செய்து தருகிறோம். பெயிண்டை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கச் சொல்லாதீர்கள். ஈரக்காற்றில் தின்னர் ஆறும்போது பெயிண்டில் வெள்ளை படியும், அடியில் ஈரம் மாட்டி வெயில் வந்ததும் கொப்பளிக்கும். மாசி முதல் ஆனி வரை நல்ல காலம்.

வீட்டில் ஏற்கெனவே பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற, உண்மையிலேயே பணம் மிச்சம் பிடிக்கிற வேலை ஒன்று உண்டு. மழைக்கு முன் வண்டியை வைக்கோலும் மாடும் இல்லாத சிமெண்ட் தரைக்கு மாற்றி, நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்குங்கள். பெட்ரோல் டேங்கை முழுதாக வடியுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரிந்து டேங்கைத் துருவாக்கும், பழைய பம்பின் டயாஃபிரத்தையும் கெடுக்கும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, மாதம் ஒருமுறை இன்ஜினைக் கையால் சுற்றி வையுங்கள். தார்ப்பாயை நேரே மேலே போர்த்தாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போதும். கழன்று கிடக்கும் ஹப்கேப், கண்ணாடிச் சட்டம், விளக்கு வளையம், டேஷ்போர்டு மீட்டர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு உள்ளறையில் வையுங்கள். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டால் அந்தப் பெட்டியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பட்டறைத் தொழிலாளர்கள்,
கும்பகோணம்.