கிளினிக் நாட்களில் கூட நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் நடந்தன. அந்த நாட்களில் உதவியவர்களுக்கு வீடு தேடிப் போய் நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் அதற்குப் பிறகு நின்றவர்களுக்கு. அம்மா மண்டூருக்குத் திரும்பியதும் 'சுகமாகிட்டுதுதானே' என்று பார்க்க வருவோர் குறைந்தார்கள். நெடிய வேலை அப்போதுதான் தொடங்கியது.

இந்த நோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள்தான் வரும். அதனால் தொடக்கத்தில் மாதம் தவறாமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக். வாயையும் கழுத்தையும் தடவிப் பார்ப்பார்கள், நிறை எடுப்பார்கள். கழுத்தில் கதிர் பட்டதால் தைரொயிட்டுக்கு இரத்தமும் சோதிப்பார்கள். அங்கே நம்பர் எடுக்க வேண்டுமென்றால் விடியுமுன்னே வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற வேண்டும். பாதைக்கார அண்ணன்மார் கிளினிக் நாளை எங்களைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். 'அம்மாவை இன்னும் காணல்லியே' என்று துறையில் காத்து நின்றிருக்கிறார்கள். மாரி மழையிலும்தான்.

கதிருக்குப் பிறகு அம்மாவின் தாடை இறுகி, ஒரு கரண்டி நுழைவதே பாடாகிவிட்டது. மெல்லிய மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளடைவில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழக்கியவர் கிளினிக்கிலிருந்த ஒரு தாதி மிஸ்ஸி. வலியில் அம்மா அவரை ஏசியதும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு குச்சியை எடுப்பார். இன்று அம்மா சோறு குழைத்து உண்கிறார் என்றால் அது அந்தப் பிள்ளையின் பொறுமை. பல்வலி என்று போனபோது உடனே பிடுங்காமல், 'கதிர் பட்ட தாடை, புண் ஆறாமல் எலும்பு பழுதாகலாம், முதலில் கிளினிக்கில் கேட்போம்' என்று கடிதம் தந்த பல் வைத்தியருக்கும் நன்றி.

அயலட்டைக்கு எப்படி நன்றி சொல்வது? எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் முன் வெற்றிலை வட்டாவை வைக்காவிட்டால் மரியாதையில்லை. அம்மா வருகிறார் என்றால் மாமிமார் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். 'புகையிலை இல்லாமல் ஒரு வாய்' என்று அம்மா கேட்டும் கொடுக்கவில்லை. சரியாகத்தான் செய்தார்கள். வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. இப்போது அந்த மாமிமாரில் இருவர் தாங்களே விட்டுவிட்டார்கள். வாயில் வெள்ளைத் திட்டு இருந்த ஒருவர் எங்களோடு கிளினிக்குக்கும் வந்தார்.

உமிழ்நீர் வற்றிய வாய்க்கு இறங்கும்படி மீன் சொதியும் குழைந்த கஞ்சியும் காய்ச்சித் தந்த பெரியம்மாவுக்கும், கோயிலில் அர்ச்சனை செய்தவர்களுக்கும் எங்கள் அன்பு.

இப்போது கிளினிக் தவணைகள் தள்ளித் தள்ளி வருகின்றன. களுவாஞ்சிக்குடி வரை ஏற்றிப்போகும் ஆட்டோத் தம்பிக்கு மட்டும் அம்மா ஒன்று சொல்லச் சொன்னார்: அடுத்த முறையும் காசு வாங்காவிட்டால் பஸ்சில்தான் போவாராம்.