பறக்கும் ரயில் நிலைய வாசலுக்கு பஸ் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையின் போக்குவரத்து என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் போய்த்தான் நிற்கிறது. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், 63,246 கோடி ரூபாய். வரட்டும், நல்லதுதான். ஆனால் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை தூண் நட்டு, பாலம் கட்டி, குறைந்தபட்சம் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஒரு ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் திருமயிலை, அப்புறம் பத்து வருடம் கழித்து 2007-ல் வேளச்சேரி. அது போகும் இடங்களைப் பாருங்கள்: கோட்டை, கிரிக்கெட் மைதானம் இருக்கிற சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மெரினாவுக்குப் பக்கத்தில் கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம், டைடல் பார்க்குக்கு எதிரிலேயே திருவான்மியூர், தரமணி. நகரத்தின் கிழக்குப் பக்கம் முழுவதையும் தொட்டுக்கொண்டு, ஒரு சிக்னலில்கூட நிற்காமல் போகிற வண்டி இது. மவுண்ட் ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் மாலை ஆறு மணிக்கு பஸ்ஸில் நசுங்குகிற கூட்டத்தில் பாதிப் பேராவது இதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிலையங்கள் பிரம்மாண்டமாக இருக்கின்றன, மாடி மாடியாகக் கட்டிவிட்டு ஆளில்லாமல் இருட்டிக் கிடக்கின்றன, இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக ஏறி இறங்க ஒரு பெண்ணுக்குத் தைரியம் வராது.

இதற்குக் காரணம் ரயில் இல்லை, ரயில் போகும் வழி. நிலம் எடுக்கும் தொல்லை குறையட்டும் என்று பெரும்பகுதியை பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயுமே கட்டினார்கள். கால்வாய் ஊரின் கொல்லைப்புறத்தில் ஓடுகிறது, அதனால் நிலையங்கள் பலவும் கொல்லைப்புறத்தில் அமைந்துவிட்டன. பஸ் ஓடுவது முன்வாசலில். இரண்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர், சில இடங்களில் இன்னும் கொஞ்சம் கூட. வேளச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி விஜயநகர் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால், மழைக்காலத்தில் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் வலிக்காரர்கள் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு ரயில் டிக்கெட்டைவிட அதிகம். சரி, அப்படியானால் வீட்டு வாசலிலிருந்து பைக்கிலேயே போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்தாயிற்று. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டு கடைசியில் பறக்கும் ரயிலை சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள், 2024 அக்டோபர் கடைசி வரை, பதினான்கு மாதம் ஆனது. அத்தனை மாதமும் சென்ட்ரலுக்கும் பாரிமுனைக்கும் போக வேண்டியவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி அலைந்தார்கள். மறுமுனையில், வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரைக்குமான வேலை 2008-ல் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர்தான். அதில் ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. பரங்கிமலையில் புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது தாம்பரம் பக்கத்து மக்களுக்கு எவ்வளவு பெரிய வரம் என்று யோசியுங்கள்.

இப்போது பறக்கும் ரயிலை மெட்ரோவோடு சேர்க்க ரயில்வே வாரியம் 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இதை வரவேற்கிறேன். நிலையங்களுக்கு விளக்கு வரும், நகரும் படிக்கட்டு வேலை செய்யும், பெட்டிக்குக் குளிர்சாதனம் வரும். பயம் கட்டணத்தில்தான். மெட்ரோவில் குறைந்தபட்சம் பத்து ரூபாய், இங்கே ஐந்து. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், மார்க்கெட்டுக்குக் கூடையோடு வருகிறவர்கள், சேப்பாக்கத்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், இவர்கள்தான் இன்றைக்கு இந்த ரயிலின் பயணிகள். குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி இவர்களை இறக்கிவிடக் கூடாது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது, யாரும் அதிகம் சொல்லாதது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். மிக நல்ல திட்டம், லட்சக்கணக்கான வீடுகளில் மாதச் செலவைக் குறைத்த திட்டம். ஆனால் ரயிலில் அது கிடையாது. அதனால் திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்கு ரயிலில் சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய பெண், காசை மிச்சம் பிடிக்க பஸ் மாறி நெரிசலில் நேரத்தைத் தொலைக்கிறார். ரயில்வேயின் கையில் இருந்தவரை மாநில அரசு இதில் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லலாம். மெட்ரோவின் கைக்கு வந்த பிறகு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. பெண்களுக்கான இலவசப் பயணத்தைப் பறக்கும் ரயிலுக்கும் நீட்ட வேண்டும், இணைப்பு ஒப்பந்தம் எழுதும்போதே எழுத வேண்டும்.

2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். நல்ல தொடக்கம், நகரின் பஸ், ரயில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பான கும்டா செய்த உருப்படியான வேலை. ஆனால் டிக்கெட் ஒன்றாகிவிட்டால் போதுமா, ரயிலை விட்டு இறங்கினால் பஸ் கண்ணில் பட வேண்டாமா? 2013-ல் வந்த சிற்றுந்துகள் குறுகலான தெருவிலும் நுழையக் கூடியவை, அவற்றை ஒவ்வொரு பறக்கும் ரயில் நிலையத்தின் வாசலிலிருந்தும் விடலாம். திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகருக்கும் கொட்டிவாக்கத்துக்கும், தரமணியிலிருந்து அலுவலக வளாகங்களுக்கும், வேளச்சேரியிலிருந்து விஜயநகருக்கும் மடிப்பாக்கத்துக்கும். புதுப்பாலம் எதுவும் வேண்டாம், நிலம் எடுக்க வேண்டாம். ரயில் வரும் நேரத்துக்கு வண்டி வர வேண்டும், அந்த நேரத்தை நிறுத்தத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் போட வேண்டும், செயலி பார்க்கத் தெரியாத பெரியவர்களும் படிக்கிற மாதிரி.

மெட்ரோ கைக்கு மாறும் வரை காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. மாநகரப் போக்குவரத்துக் கழகமும் கும்டாவும் உட்கார்ந்து பேசினால் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
பறக்கும் ரயில் பயணி ஒருவர்,
மந்தைவெளி, சென்னை