பொருள்: ஸ்டார் ட்ரெக் தொடரின் 25வது எபிசோடில் கடைசி ஐந்து நிமிடம் வராதது குறித்து ஐந்தாவது (இறுதிப்) புகார்

அனுப்புநர்: உங்கள் ஓராண்டு சந்தாதாரர், புளியரை, செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம், தமிழ்நாடு. (கடைசி வார்த்தையைத் தயவுசெய்து இரண்டு தடவை படிக்கவும்.)

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கனவே நான்கு முறை எழுதிவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது, அதுவும் மலையாளத்தில். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இந்த மலைப்பாதையில் குப்பை கொட்டியவன் என்பதால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். என் புகார் உங்களுக்கு மிகவும் முக்கியம் என்று போட்டிருந்தது. சந்தோஷம்.

விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. நீங்களே போட்டிருக்கிற தொடர்தான். ஸ்டார் ட்ரெக், நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்கிற விண்வெளித் தொடர், ஐந்தாவது சீசன், 25வது எபிசோட், 'தி இன்னர் லைட்'. 1992 ஜூனில் வந்தது, மறு வருஷம் அறிவியல் கதைகளுக்கான ஹியூகோ விருது வாங்கியது. 45 நிமிஷம் ஓட வேண்டியது உங்கள் ஆப்பில் 40வது நிமிஷத்தில் நிற்கிறது. கனவு மாதிரி ஒரு வாழ்க்கையில் காமின் என்கிற பெயரில் கிழவனாகிவிட்ட கேப்டன் பிக்கார்ட், ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க வெயிலில் முகத்தைத் தூக்குகிறார். அவர் நெற்றிக்கு நேராக உங்கள் லோடிங் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. ஒரு நிமிஷம் சுற்றுகிறது. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தானாகவே 26வது எபிசோட் ஓடுகிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு குகை, அதற்குள் டேட்டா என்கிற இயந்திர மனிதனின் தலை தனியாகக் கிடக்கிறது! என் வீட்டுக்கு வந்திருந்த ஏழு பேரில் இரண்டு பேர் முதல் தடவை பார்க்கிறவர்கள். அந்தத் தலைதான் கதையின் முடிவு என்று நினைத்து ஒருத்தர் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அவரைத் தெருவில் ஓடிப் பிடித்துக் கூட்டிவர என் முழங்கால் இடம் தரவில்லை.

அந்த ஐந்து நிமிஷத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று உங்கள் ஆள் ஒருவர் கேட்டார். (அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அவரை விடுவதாக இல்லை.) ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் கூடுவது சும்மா பார்ப்பதற்கு இல்லை, பிரித்து மேய்வதற்கு. ஒரு எபிசோட் பார்த்தால் ஒன்பது மணி வரை சண்டை நடக்கும். இந்த எபிசோடில் சண்டை என்னவென்றால், ஒரு ஆய்வுக்கலத்தின் கதிர் பட்டு, கேப்டன் பிக்கார்ட் தன் எண்டர்பிரைஸ் கப்பலில் மயங்கிக் கிடப்பது 25 நிமிஷம்தான். அதற்குள் கட்டான் என்கிற கிரகத்தில் காமினாக ஏறத்தாழ 40 வருஷம் வாழ்ந்து, பெண்டாட்டி, பிள்ளைகள், பேரன் எல்லாம் கண்டுவிடுகிறார். அங்கே குழல் வாசிக்கவும் பழகுகிறார். கண் விழித்த பிறகு, கடைசிக் காட்சியில், நிஜமான குழல் கைக்கு வருகிறது. வாசிக்கிறார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நாதஸ்வர அண்ணாச்சி இருக்கிறார். அறுபது வருஷமாக விரலும் துளையுமாக வாழ்கிறவர். காமின் பழகுகிற காலத்தில் விரல் தப்பாக விழுந்தால் பரவாயில்லை, 40 வருஷ சாதகத்துக்குப் பிறகு கேட்கிற சுரமும் விழுகிற விரலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆரியங்காவிலிருந்து வருகிற சேட்டன் விடமாட்டார். "அண்ணாச்சி, மனசுதானே நாப்பது கொல்லம் இருந்தது? கேப்டனோட கை ஒரு நாள்கூடப் பழகலையே, விரல் எப்படி அறியும்?" என்கிறார். (கொல்லம் என்றால் மலையாளத்தில் வருஷம்.) எனக்கு அந்தக் கேள்வி கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. வேட்டி கட்டத் தெரிந்தவன் மனசை வேறு ஒருத்தன் உடம்பில் வைத்தால் அந்தக் கை கட்டுமா, தடுமாறுமா?

அந்தக் குழல் ஊத முடியாத பொம்மைதான், சத்தம் பின்னால் சேர்த்தது, 2006இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 48,000 டாலருக்குப் போனது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஊதாத குழலாக இருந்தாலும் விரல் பொய் சொல்லலாமா என்பதுதான் வழக்கு. தீர்ப்பு அந்தக் கடைசி நிமிஷத்தில் இருக்கிறது. தோற்றவர் ஏழு பேருக்கும் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு. நான்கு ஞாயிறாகத் தீர்ப்பு இல்லை, பரோட்டாவும் இல்லை. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற இந்த நேரத்தில் பரோட்டா இல்லாமல் இருப்பது என்ன கஷ்டம் என்று சென்னையிலோ கொச்சியிலோ இருக்கிற உங்களுக்குப் புரியாது.

இப்போது உங்கள் தென்காசி ஆபீஸ். "சார், இது கேரளா சர்க்கிள் கனெக்ஷன், புனலூர் ஆபீஸ்ல போய்ப் பாருங்க" என்றார்கள். நான் கேரளா கனெக்ஷன் வாங்கவில்லை. செங்கோட்டை கடைத்தெருவில் குடை விரித்து உட்கார்ந்திருந்த உங்கள் ஏஜெண்டிடம் 1,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன். என் வீட்டு மொட்டை மாடியில் செல்போன் கேரளா டவரைப் பிடிக்கிறது, அதனால் உங்கள் சிஸ்டம் என்னைக் கேரளாவில் சேர்த்துவிட்டது. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று. என் அப்பா திருவிதாங்கூர் பிரஜையாகப் பிறந்து, வீடு மாறாமலே ராஜ்யம் மாறியவர். அவருக்கு அது ஒரு தடவைதான் நடந்தது. எனக்கு நீங்கள் வாரத்துக்கு ஒரு தடவை செய்கிறீர்கள்.

சரி என்று புனலூர் போனேன். ரயிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் காலை பஸ்ஸில் ஏறினேன். அதுவே தப்பு. ஆரியங்காவு தாண்டியதிலிருந்து தென்மலை வரை மழை, ஜன்னல் ஷட்டர் பாதிதான் இறங்கியது, இடது தோள் முழுக்க நனைந்தது. ஐம்பது கிலோமீட்டர் சுமார். கையில் உங்கள் ரசீது, பிளாஸ்டிக் கவருக்குள். ஆபீஸ் வாசலில் ஒரு அட்டை தொங்கியது, உணவு இடைவேளை. ஒரு மணி நேரம். உள்ளே இருந்த பெண் நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார், சுக்குவெள்ளம் (சுக்குத் தண்ணீர்)கூடக் கொடுத்தார், அவரைக் குறை சொல்லமாட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "சாரே, அட்ரஸ் தமிழ்நாடல்லே, தென்காசி ஆபீஸில் பறயணம்." அதாவது, அட்ரஸ் தமிழ்நாடுதானே, தென்காசி ஆபீஸில்தான் சொல்ல வேண்டுமாம்.

நான் சிரித்துவிட்டேன். அழுகிற வயசு தாண்டிவிட்டது.

ஐயா, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் வண்டி நின்றால், அது உன் எல்லை, இது என் எல்லை என்று இரண்டு பக்கமும் போனைக் கீழே வைக்க எங்கள் உத்தியோகத்தில் முடியாது. லைன் கிளியர், அதாவது வண்டி வரலாம் என்கிற அனுமதி, கொடுத்தவன் வண்டி போய்ச் சேருகிற வரை பதில் சொல்ல வேண்டும். 1,499 ரூபாய் வாங்கும்போது லைன் கிளியர் கொடுத்தது நீங்கள்.

இனி அந்த ஆள். போனில் 47 நிமிஷம் பாட்டு கேட்க வைத்துவிட்டு வந்தார். நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன், "தம்பி" என்றுதான் கூப்பிட்டேன். அவர் சொன்னது: "சார், எங்க சிஸ்டத்துல நீங்க அந்த எபிசோடை முழுசாப் பாத்து முடிச்சதா டிக் விழுந்திருக்கு." பார்க்கவில்லை என்று சொல்வதற்குத்தானே போன் பண்ணினேன் என்றேன். "டிக் இருக்கே சார்." நான்கு தடவை அதையே சொன்னார். பிறகு, "முடிவு என்னன்னு உங்களுக்கே தெரியுது, அப்புறம் எதுக்கு சார் திரும்பப் பாக்கணும்? இந்த வயசுல கோயில் குளம்னு போலாம்ல?"

கோயிலுக்கு நான் போகிறேன். புளியரையிலேயே தட்சிணாமூர்த்தி இருக்கிறார், வியாழக்கிழமை தவறாமல் போகிறேன். உங்கள் கம்பெனி சொல்லி ஆக வேண்டியதில்லை. அந்தத் தம்பி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். அவர் பேர் கேட்டேன், சொல்லவில்லை. பேசினதைப் பதிவு செய்வதாக நீங்கள்தான் ஆரம்பத்தில் அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள். "கோயில் குளம்" என்கிற இடத்தைக் கேளுங்கள்.

சொல்ல விட்டுவிட்டேன், புனலூருக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு டெக்னீஷியன் வந்தார். டிவியை அணைத்துப் போட்டார், ஆப்பை அழித்து ஏற்றினார், கார்ட்டூன் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடியது. அந்த எபிசோடைப் போடுங்கள் என்றேன். "அதுக்கு நாப்பது நிமிஷம் ஆகுமே சார்" என்று ஓடிபி வாங்கிக்கொண்டு போனார். அவர் வண்டி தெரு திரும்புவதற்குள் புகார் தீர்க்கப்பட்டதாக எனக்கு மெசேஜ். ஓட்டிப் பார்த்தால் காமின் நெற்றியில் அதே வட்டம்.

தமிழ் சப்டைட்டில் பற்றி நான் வாயே திறக்கக் கூடாது என்றிருந்தேன். ஆய்வுக்கலம் (ஆங்கிலத்தில் ப்ரோப்) என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் "விசாரணை" என்று போட்டிருக்கிறீர்கள். "ஒரு விசாரணை நம்மை நெருங்குகிறது" என்று கப்பலில் பேசிக்கொள்கிறார்கள், போலீஸ் கதை மாதிரி. எங்கள் கூட்டத்து டெய்லர் பாதிப் படம் வரை யார் மேல் கேஸ் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கலத்தைப் பற்றித்தான் எனக்குப் பெரிய சந்தேகமே இருக்கிறது. கிரகம் அழியப்போகிறது என்று தெரிந்தும் சின்ன ராக்கெட் விடவே தடுமாறுகிற கட்டான் ஜனம், எண்டர்பிரைஸ் கவசத்தையே துளைத்து ஒருத்தர் மண்டைக்குள் முழு வாழ்க்கையை இறக்குகிற கருவியை எப்படிச் செய்தது? அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு நான்கு குடும்பத்தைக் கப்பலேற்றி அனுப்பத் தெரியாதா? சேட்டன் இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார், எனக்கு ஒப்பவில்லை. உங்களிடம் விவரம் இருந்தால் பதிலில் எழுதவும். தொடரைப் போடுகிறவர்கள் நீங்கள், தெரிந்திருக்க வேண்டும்.

என் கோரிக்கை: அந்த எபிசோடைக் கடைசி வரை ஓடும்படி சரிசெய்ய வேண்டும், என்னைத் தமிழ்நாட்டில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் 1,499 ரூபாய், புனலூர் பஸ் செலவு, நான்கு ஞாயிறு ஏழு பேருக்கு வாழைக்காய் பஜ்ஜி, காபி, மன உளைச்சலுக்கு நிமிஷத்துக்கு 1,000 வீதம் 25,000 ரூபாய் தர வேண்டும். ஏன் 25 நிமிஷக் கணக்கு என்று உங்களுக்குப் புரியும்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே வந்து கேரளா சர்க்கிள் என்று சொல்லிப் பாருங்கள். 1915 எண்ணுக்கும் போன் பண்ணுவேன். சங்கடப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. வருகிற ஞாயிறு ஆறு மணி வரை காத்திருக்கிறேன். அண்ணாச்சி இந்தத் தடவை நாதஸ்வரத்தைக் கையோடு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், புளியரை

பி.கு.: உங்கள் டெக்னீஷியன் மறந்து வைத்த டெஸ்டர் என் டிவி ஸ்டாண்டில் பத்திரமாக இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் அனுப்பவும். தென்காசியிலிருந்தா புனலூரிலிருந்தா என்று முதலில் நீங்களே முடிவு செய்துகொள்ளவும்.