விதைகளை எண்ணிப் பார்க்க ஒரு படம்

திருகோணமலை மாவட்டத்தில் சுகாதாரப் பொறுப்பில் இருப்போருக்கும், ஸ்கான் அறைகளில் வேலை செய்வோருக்கும்,

வணக்கம்.

என் அப்பாவுக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அதை உள்ளிருந்தே கதிர்வீச்சால் அழிக்கத் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் 72 'விதைகள்' வைத்தார்கள். ஒவ்வொன்றும் நாலரை மில்லிமீற்றர் நீளம். நெல்மணியை விட மெல்லிசு. டைட்டேனியக் கூட்டுக்குள் கதிர்வீசும் அயடின்-125. மலவாசல் வழியாக வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியில் சுரப்பியைப் பார்த்தபடியே ஊசிகளால் உள்ளே இறக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து சி.ரி. ஸ்கான் எடுக்கும்படி துண்டில் எழுதியிருந்தது. இங்கே ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். துண்டை வாசித்ததும், "உடம்புக்குள்ள கதிர்வீச்சோ? வெளியில நில்லுங்கோ" என்றார்கள். நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர், கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி படியில் நின்றார். படம் எடுக்கவேயில்லை. அன்றிரவு கொழும்பு பஸ் ஏறினோம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச காலத்துக்குச் சிறுநீர் அடிக்கடி, அவசரமாக வரும். ஹபரணை வருவதற்குள் மூன்று தடவை பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன்.

பயப்பட்டவர்களில் எனக்குக் கோபமில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அயடின்-125இன் கதிர் பலவீனமானது, பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே அடங்கிவிடும். 60 நாளுக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறையும். முதல் இரண்டு மாதம் பேரப்பிள்ளையை நெடுநேரம் மடியில் வைக்க வேண்டாம், கர்ப்பிணிகள் சற்றுத் தள்ளி இருக்கட்டும் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். ஸ்கான் அறையில் கர்ப்பிணி ஒருவர் இருந்தால் அன்றைக்கு வேறொருவர் படம் எடுக்கலாமே.

அந்தப் படம் ஏன் வேண்டும்? ஊசி குத்திய சுரப்பி வீங்கும். வீக்கம் வடிய ஒரு மாதமளவில் ஆகும். அப்போதுதான் விதைகள் நிலையாக எங்கே நிற்கின்றன என்று தெரியும். சி.ரி.யில் விதைகள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், சுரப்பியின் விளிம்போ மங்கல். எம்.ஆர்.ஐ.யில் விளிம்பு தெளிவு, விதைகள் வெறும் கறுப்புப் பொட்டுகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, எந்த மூலைக்குக் கதிர் போதவில்லை, சிறுநீர்க் குழாய்க்கும் மலக்குடலுக்கும் கூடிவிட்டதா என்று கணக்கிடுகிறார்கள். போதாத இடத்தை அப்போதே கண்டுபிடித்தால் மேற்கொண்டு சிகிச்சை கொடுக்க வழியுண்டு.

கொழும்பில் எடுத்த படத்தில் 71 விதைகள்தான் இருந்தன. அப்பா ஃபிலிமை ஜன்னலில் பிடித்துத் தானும் எண்ணிப் பார்த்தார். 71தான். அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் ஒரு வெள்ளைக் கீறு தெரிந்தது. இரத்தக் குழாய் வழியாகப் போயிருக்கிறது, இது நடப்பதுதான், பெரும்பாலும் கெடுதல் செய்யாது என்றார் டொக்டர். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தோம்!

நான் கேட்பது புது இயந்திரம் அல்ல. வேறு ஊரில் விதை வைத்துக்கொண்டு வருபவருக்கு, குறித்த நாளில், விதை வைத்த மருத்துவமனை கேட்கும் விதத்தில் இங்கேயே சி.ரி. எடுத்து இறுவட்டில் போட்டுக் கொடுங்கள். விதைகளைப் பற்றி ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஸ்கான் அறைச் சுவரில் ஒட்டுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் அப்பா எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
உப்புவெளி